பதிவு எண் 318-ஐ மறுபடியும் ஒரே மேகமாக்கக் கோரி

அனுப்புநர்
கண்ணாடிக் கடைக்காரர்,
(சகோதரர் மூவரில் கடைசி)
மாடிப் பகுதி, மூன்றாம் வாசல்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விண்பொருள் பட்டியல் பிரிவு,
வான் ஆய்வு நிலையம்.

பொருள்: பதிவு எண் 318 நெபுலா அல்ல, மூன்று நட்சத்திரங்கள் எனத் திருத்தியதால் குடும்பம் பிரிந்தது – திருத்தத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி 318-ஐக் கண்டுபிடித்தவர் என் கொள்ளுத்தாத்தா. கடிகாரம் பழுதுபார்ப்பவர். தானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியில் பார்த்து, ‘மங்கலான வாயு மேகம், நெபுலா’ என்று தங்கள் நிலையத்துக்கு எழுதினார். அவர் பெயரோடு பட்டியலில் ஏறியது. நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில் பீற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறேன்.

2. சென்ற மாதம், பழைய பட்டியலைச் சரிபார்க்கும் தங்கள் பெண் அலுவலர், அங்கே மேகமே கிடையாது, நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்கள்தான் என்று கடிதம் அனுப்பினார். பிரகாச அளவையும் 9, 11, 14 எனத் தனித்தனியே குறித்திருந்தார். வினை அங்குதான் தொடங்கியது.

3. மேகத்தைப் பங்கு போட முடியாது. நட்சத்திரத்தைப் போடலாம். மூத்தவர் என்ற முறையில் பெரிய அண்ணன் 9-ஆம் அளவை எடுத்துக்கொண்டார். சின்ன அண்ணன் 11-ஐ வைத்துக்கொண்டு, 14-ஐ என் தலையில் கட்டினார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனான நான், எண் கூடினால் பவர் கூடும் என்று நம்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எண் கூடக் கூட ஒளி மங்கும் என்பது பிறகே தெரிந்தது.

4. இப்போது வீடும் மூன்று பாகமாகி, கூடத்தின் குறுக்கே பீரோ நிற்கிறது. பெரிய அண்ணி தன் வாசலில் ‘பிரகாச இல்லம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். பெரிய அண்ணனோ, “இனிமே அவங்கவங்க நட்சத்திரத்த அவங்கவங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். என் மகள் பெரியப்பாவைப் பார்க்க பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து போகிறாள்.

5. தங்கள் அலுவலர் சொன்னதில் பிழை இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அண்ணன்கள் இல்லாத மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஐயா.

6. ஆகவே திருத்தத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன். விதிகள் இடம் தராவிட்டால் ஒரு மாற்று வழி: கொள்ளுத்தாத்தாவின் தொலைநோக்கியை இத்துடன் இணைத்துள்ளேன். அண்ணன்கள் இருவரையும் விசாரணைக்கு அழைத்து, இதன் வழியாக ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள். இதில் இன்றைக்கும் மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. கண்ணாடியை யாரும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பிரிய மனமில்லாத,
(ஒப்பம்)
14-ஆம் அளவின் பங்குதாரர்

நாள்: பாகம் பிரிந்த இருபத்தெட்டாம் நாள்
இடம்: மாடிப்படி (பொதுவழி)