கையை நீட்டிய பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர்
சனிக்கிழமை

அன்புள்ள வைகுந்துக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். ஆண்டாள் புண்ணியத்தில் உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. ஞானரத்தினம் சார் மகள் ஜெமி திங்கட்கிழமை லண்டன் புறப்படுகிறாள், காரமில்லாமல் அரைத்த பருப்புப்பொடி கொடுத்தனுப்புகிறேன், அதோடு நாலு வரியும் வரட்டுமே. தவிர, இந்தச் சந்தோஷத்தைப் போனில் அவசரமாகச் சொல்லி முடிக்க மனசில்லை.

வியாழக்கிழமை விளக்கேற்றப் போகும்போது உன் மெசேஜ் வந்தது. ஏழு உருண்டை சாப்பிட்டாள் என்று ஒரே வரி. தீப்பெட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வேலை பார்க்கிற கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு ஒரு வளர்ப்பு வீட்டில் கொண்டுவிட்ட அந்த நாலு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒரு வாரமாகப் பாலைத் தவிர எதையும் தொடவில்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. பெயரைச் சொல்லச் சட்டம் இடம் தராது என்றாய், சரி, பெருமாளிடம் ‘அந்தப் பிள்ளை’ என்றே வேண்டிக்கொண்டேன், அவருக்குத் தெரியாதா. பருப்புச் சாதத்துக்குப் பக்குவம் கேட்டாய், உப்பு கைக்குத் தெரியும் என்றேன், யார் கைக்கு என்று கேட்டாய் பார், அன்றைக்குத்தான் ஆயுளில் முதல்முறையாக உப்பை ஸ்பூனால் அளந்தேன். அந்த வீட்டம்மாள் மூன்று நாள் அதே அளவில் செய்து தட்டில் வைத்தும் பிள்ளை தொடவில்லை. புதன்கிழமை நீ பேச்சோடு பேச்சாக, “சாப்பாட்ட வச்சா கைய மட்டும் நீட்டுதாம்மா, என்ன கேக்கான்னே தெரியல” என்றாய். காரணம் தெரியவில்லை என்று ஃபைலில் வேறு எழுதியிருக்கிறாய். “ஏலே மடையா, அவ சோத்துக்குத்தாம்ல கைய நீட்டுதா, உருட்டி உள்ளங்கையில வைக்கச் சொல்லு” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வெள்ளத்தாய் ஓடி வந்துவிட்டாள். நீயும் உன் அக்கா நாராயணியும் என்னைச் சுற்றி உட்கார்ந்து நீட்டாத கையா? சட்டியில் பிசைந்து ஆளுக்கொரு உருண்டையாக வைப்பேனே, எனக்குத்தான் முதலில் என்று அடித்துக்கொள்வீர்களே, இவ்வளவு படித்துவிட்டு அதை எங்கே தொலைத்தாய்? திட்டவில்லை, சந்தோஷத்தில்தான் சொல்கிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம், மற்ற வளர்ப்பு வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க உன்னைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று அன்று ராத்திரி நீ போனில் சொன்ன செய்தியை அப்பாவிடம் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் காலேஜில் கிடைத்த இன்ஜினியரிங் சீட்டை விட்டுவிட்டு இந்தச் சமூகப்பணிப் படிப்புக்குப் போனாய் என்று உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், யார் கேட்டாலும் பையன் ஏதோ ஆபீசில் இருக்கிறான் என்று பேச்சை மாற்றுகிறவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். நேற்று மத்தியானம் தட்டில் சோறு போட்டேன், தொடவில்லை. கோபமாக்கும் என்று திரும்பிப் பார்த்தால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “எனக்கும் ஒண்ணு உருட்டி வையி, பாப்போம்” என்றார். வைத்தேன். சிரித்தவர் அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் அவருடைய பழைய மில் சிநேகிதர் காளிராஜ் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், “எம் மகன் பிள்ளைகளக் காப்பாத்துற வேலையில இருக்காம்ப்பா” என்று அப்பா ஆரம்பித்துவிட்டார், காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடம்தான் கொடுப்பேன், நீ அவசரமாக வைத்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. ஆண்டாள் உன்னையும் அந்தப் பிள்ளையையும் நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் அந்த வீட்டம்மாளிடம் மறக்காமல் சொல். சட்டியில் சோறு தீரும்போது, இதுதான் கடைசி உருண்டை என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து போய்விட்டால், அது கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கும்.

உன் அம்மா,
பத்மாசனி