கோடு வெட்டாத கருங்காலிப் பிடி

என் செல்லத் தம்பி குகனுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். போனவர்களைக் கோபிக்கக்கூடாது என்று உன் மனைவி சொல்கிறாள். சின்ன வயதிலிருந்து உன்னைக் கோபித்தே வளர்த்தவள் நான். இப்போது மட்டும் எப்படி விடுவேன்?

அடுத்த கிழமை வாணி விழா. அடம்பனில் உன் அரிசி மில்லை உன் மகள் ஆரணி கழுவத் தொடங்கிவிட்டாள். போன வருடம் இதே பூசையில் தராசு, சாவிக்கொத்து, என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் உன் நிக்கல் பூசிய ரிவோல்வரை வைத்தாய். சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்தாய். கறுப்புப் பிடியில் சிவப்புப் பொட்டு வடிவாகத்தான் இருந்தது. படம் எடுக்க மறைக்கிறது என்று என் புத்தகங்களைத் தள்ளி வைத்தவள் நான்தான்.

மில்லில் கள்ளர் புகுந்த பிறகு லைசென்ஸ் எடுத்து அதை வாங்கினாய். பழையது என்றாலும் கண்ணாடி போல மினுங்கியது. பிடி மட்டும் வெடித்து, கயிறு சுற்றிக் கிடந்தது. புதுப் பிடி தெரிவுசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை மன்னாருக்கு என் வீடு தேடி வந்தாய். கைபேசியில் படம் படமாகக் காட்டினாய்.

"அக்கா, இந்த முத்துவெள்ளை எப்படி?"

"வெள்ளியில வெள்ளி எடுபடுமோடா? பச்சைச் சேலைக்குப் பச்சைக் கரை போட்டமாதிரிக் கிடக்கு."

"அப்ப மான்கொம்பு?"

"சண்டியன்மாருக்கு நல்லது. நீ மில் முதலாளி."

"ஓம், ஓம். கலியாண வேட்டிக்கே கரை நீங்கள்தானே தெரிஞ்சு தந்தனீங்கள். இதையும் சொல்லுங்கோ."

கருங்காலி என்றேன். நிக்கலின் வெள்ளைக்கு அந்தக் கறுப்புத்தான் பொருந்தும் என்று, கண்ணுக்கு மை எப்படியோ அப்படி என்று உதாரணமும் சொன்னேன். மூன்று ஞாயிறு நிறம் பேசினோம், தம்பி. துப்பாக்கி ரவையை எங்கே வைக்கிறாய், எப்போது கழற்றுகிறாய் என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? நீயாவது சொன்னாயா?

விசயதசமிக் காலையில் என்ன செய்தாய்? மில்லில் பாய் விரித்து, ஆறு பிள்ளைகளுக்கு நான் ஏடு தொடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் விரல் என் கைக்குள் இருந்தது. உன் மில் அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்தோம். நீ வந்திருந்தவர்களுக்குக் காட்டவென்று, சந்தனம் காயாத பிடியோடு அதைத் தூக்கினாய். ரவை உள்ளே இருந்தது. கை வழுக்கியது. சீமெந்துத் தரையில் விழுந்து வெடித்து, ரவை உன் நெஞ்சில் பாய்ந்தது.

விளக்கைத் துடைக்க முதல் அணைக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைத்தானே முப்பது வருடம் படிப்பித்தேன்? உனக்கு ஏன் தெரியவில்லை? அந்த ரவை அரை அடி விலகியிருந்தால் அந்த ஆறு தாய்மாருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? நீ விழுந்தபோதுகூட எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. "மடையா!" என்று கத்தினேன். அதுதான் நீ கேட்ட என் கடைசிச் சொல் என்றால், அதற்கும் உன்மேல்தான் கோபம்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் உன்னைப் பற்றிய பக்கத்தை நான்தான் எழுதினேன். 'விதி பறித்தது' என்று போட்டேன். வாசித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அது பொய்.

உனக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பிடி செய்விக்கத் தாராபுரத்துக்கு நீ வரவில்லை, என்னைத்தான் அனுப்பினாய். தச்சுவேலை செய்கிற காதர் நானா, உடைந்த பழைய கருங்காலிக் கதிரையின் காலை அறுத்து அதைச் செய்தார். கடைசியில் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"டீச்சர், இதில குறுக்கும் மறுக்குமாக் கோடு வெட்டித் தரட்டா? பழைய பிடியிலயும் இருந்தது. கை வழுக்காது."

"வேண்டாம் நானா. கோடு போட்டால் மரத்தின்ர வடிவு போயிடும். நல்லா மினுக்கித் தாங்கோ."

அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் படிச்ச ஆக்கள்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

ஒரு வருடமாக இதை விழுங்கிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை ஆரணி வந்தாள். துவக்கு இன்னும் பொலிசில் கிடக்கிறது; லைசென்ஸ் தன் பெயருக்கு வந்தால் எடுக்கலாமாம். நான் சமாதான நீதவான் என்பதால் நற்சான்றுக் கடிதம் கேட்டாள். பிறகு கைபேசியை நீட்டினாள்.

"மாமி, இது ரப்பர் பிடி. வழுக்காதாம். கறுப்பும் இருக்கு, மண்ணிறமும் இருக்கு. எது வடிவு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டேன். மண்ணிறம் என்று சொல்ல வாயும் திறந்தேன். பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

காதர் நானா கேட்டதையும் நான் சொன்ன மறுமொழியையும் அவளுக்குச் சொன்னேன். கையெழுத்து வைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் கைபேசியை அணைத்து மடியில் வைத்தாள். தேத்தண்ணீரில் ஆடை படிந்தது.

"அப்பாவின்ர பிழையும் உங்கட பிழையும் சரி, மாமி. பொழுதுபடுற நேரத்தில நான் தனிய மில்லில நிக்கிறன். அங்க எனக்குத் துணைக்கு ஆர் இருக்கினம்?"

என் மறுமொழிக்குக் காத்திராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளையும் கோபிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நியாயமான கேள்வி அது. நீ அந்தத் துவக்கை வாங்கின அன்று உன்னிடமிருந்து நான் பிடுங்கியிருக்கவேண்டிய கேள்வி.

எனவே, தம்பி, உனக்கு வாக்குத் தருகிறேன். அந்தக் கடிதத்தை எழுதமாட்டேன். திங்கட்கிழமை தொடங்கிப் பின்னேர பஸ்ஸில் அடம்பனுக்குப் போய், மில் பூட்டும்வரை வாசலில் கதிரை போட்டு இருப்பேன். இரவு ஆரணியோடு உன் வீட்டில் தங்குவேன். கிழவி இருந்து என்ன செய்வாள் என்று சிரிக்காதே. அந்தக் கடைத்தெருவில் பாதிப்பேர் என் வகுப்பில் காதுத் திருகு வாங்கினவர்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

இந்த வருடமும் பாய் விரித்து ஏடு தொடக்குவேன். அதற்கு முதல், அந்த ஆறு தாய்மாரையும் கூப்பிட்டு, கோடு வேண்டாம் என்று நான் சொன்னதைச் சொல்வேன். விதி என்று யாராவது வாய் திறந்தால் மறித்துவிடுவேன்.

உன்மேல் உள்ள கோபம் ஆறட்டும், பிறகு ஆறுதலாக இருந்து அழுவேன். இன்னும் ஆறவில்லையடா.

வடிவான பிடி தெரிந்து தந்த
உன் அக்கா