217963 பகா எண்ணா?

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனையில் மணிக்கட்டில் கட்டிய பட்டையை இன்றுதான் கத்தரித்தேன். அதில் என் நோயாளி எண்: 217963. ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இலக்கங்கள் இடம் மாறுகின்றன. 63ஐப் பார்த்து 36 என்று எழுதுகிறேன். இருபது வருடமாகக் கணக்கு டீச்சர், நான்!

தலைமையாசிரியர் போன் செய்தார். "பேசாம லைப்ரரியைப் பாத்துக்குங்களேன் டீச்சர். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேற ஆள் போட்டுக்கலாம்." நல்ல மனுஷன். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம். ஜூலை ஒன்றாம் தேதி நேரில் பதில் சொல்கிறேன் என்றேன்.

இந்த எண் பகா எண்ணா, இல்லையா? கால்குலேட்டரைத் தொடாமல் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் செய்தால் வகுப்பு. இல்லையென்றால் லைப்ரரி.

ஜூன் 4

ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் 28, மூன்றால் போகாது. ஏழில் மீதி 4. நான்கில் மீதி 3, ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. யாரோடும் ஒட்டாத ஆசாமி. 467இன் வர்க்கம் இதைத் தாண்டிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

ஜூன் 9

தலைவலி. இருந்தாலும் 101 வரை.

ஜூன் 21

463 முடிந்தது. எல்லாவற்றிலும் மீதி வருகிறது. ஒவ்வொரு வகுத்தலையும் இலக்கக் கூட்டலால் சரிபார்த்தேன். பகா எண்!

"உன்னை மாதிரியே. யாருக்கும் பிடி கொடுக்காது" என்றார் என் வீட்டுக்காரர். தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் போய் எல்லா டிரைவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 22

பல் தேய்க்கும்போது உறைத்தது. 63, 36 — எப்படி மாற்றிப் போட்டாலும் கூட்டல் ஒன்பதுதானே? என் குறை எதுவோ அது மட்டும் இந்தச் சோதனையின் கண்ணில் படாது. அய்யோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! மறுபடி முதலிலிருந்தா?

ஆமாம், முதலிலிருந்துதான். இந்த முறை பதினொன்றின் சோதனை: இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிப்பது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 27

211இல் இடித்தது. ஆயிரம் தடவை போக மீதி 6963. நான் 6936 என்று எழுதியிருக்கிறேன். 6963 என்றால் சரியாக 33 தடவை. மீதி இல்லை.

217963 = 211 × 1033. இரண்டும் பகா எண்கள். ஆகவே இது அரைப்பகா எண்.

அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை. தப்பு செய்ததும் நான், பிடித்ததும் நான்.

"அப்ப டிப்போல நான் சொன்னது?" என்றார் இவர்.

"போய் மாத்திச் சொல்லுங்க."

ஜூலை 1

"முழுசா சரியாயிடுச்சா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்ல சார். நம்பர் இன்னும் மாறுது. ஆனா நானே பிடிச்சிடுவேன். என் வகுப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்தார். "திங்கக்கிழமை வாங்க. ஒரு மாசம் நானும் கடைசி பெஞ்சுல உக்காந்து பாப்பேன்."

"தாராளமா உக்காருங்க."

ஜூலை 7

கரும்பலகையில் ஒரு தடவை இடம் மாறியது. "இருங்க, தப்பு" என்று அழித்து எழுதினேன். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் தலை நிமிரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாளையிலிருந்து அவர் வரவில்லையாம்.