அம்மா கையில் சைக்கிள் பிரேக்

அதியமான்கோட்டை,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது. நானும் செவலைப் பசுவும் அது போன மாதம் ஈன்ற கன்றும் இந்த வீட்டில் நலம். உன் அம்மாவும் நலம்தான், ஆனால் அவளுடைய நலம் இப்போது பாலக்கோட்டில் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை இளம்பரிதியும் அந்த அயர்லாந்து மழையில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இப்போது விளக்கேற்றுவதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா எங்கே என்று கேட்டாய், பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன், யார் கூட என்றாய், தனியாகத்தான் என்றேன். உடனே உன் முகம் சுருங்கிவிட்டது. என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க, மூச்சுத் திணறினா யாரு மருந்து அழுத்துவாங்க என்று நீ கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் செவலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துச் சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. நான் போனைப் போட்டுவிட்டு ஓடினேன். பிறகு நீ அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய். எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்டியா என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாளாம். அவள் எப்போதும் விடையை மட்டும்தான் சொல்வாள். விடை மட்டும் போதாது, வழிமுறையும் எழுத வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். ஆகவே உனக்கு வழிமுறையை எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும்.

உன் பெரியம்மா சென்னம்மாளுக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அதற்கு ஆடிப் பிறப்புக்கு முன்னால் நாள் குறித்தார்கள். ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் பிறகு பல நாள் சொட்டு மருந்து விட வேண்டும், குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. அவள் மகன்களில் பெரியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், சின்னவன் லாரியில், இன்று தொப்பூர் என்றால் நாளை நாக்பூர். கூட இருந்து பார்க்க ஆள் இல்லை. உன் அம்மா ஒரே பேச்சாக, நான் போறேன் என்றாள். நானும் கூடப் போகலாம் என்றால் செவலை வேறு யாரையும் மடியில் கை வைக்க விடாது, நான்தான் பால் பீய்ச்ச வேண்டும். அவள் மட்டும் போனால் இன்ஹேலரை யார் அழுத்துவது? காலையும் மாலையும் போக, இந்த ஆடிக்காற்றில் புழுதி கிளம்பினால் நடுவிலும் வேண்டியிருக்கிறது. விரல் கணுக்கள் வீங்கியதிலிருந்து அவள் வாயில் வைத்துக்கொள்வாள், நான் அழுத்துவேன். அவள் புருவத்தைத் தூக்கினால் அழுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். உறிஞ்சும் பொடி வகையும் முயன்று பார்த்தோம், இருமல்தான் மிஞ்சியது, அது உனக்குத் தெரியும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி வேண்டாம் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்காமலே சொன்னாள், ஏங்க, ரெண்டு வருசமா உங்க கட்டவெரல் எங்க போவுதோ அங்கதான் நான் போறேன், கடைவீதிக்குப் போனாலும் அதத்தான் புடிச்சுக்கிட்டுப் போறேன், கூடப்பொறந்தவளுக்குக் கண்ணு கட்டியிருக்கறப்பவும் அதத்தான் கேக்கணுமா என்று. உறவுக் கல்யாணத்துக்குக்கூட அவள் போகாமல் இருந்ததற்கெல்லாம் காரணம் அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் முன்னால் புருஷன் தன் வாயில் மருந்து அழுத்துவது அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் எனக்கு வேறு யோசனையே இல்லை. காய்கறித் தராசில் இன்ஹேலரை நிறுத்தி அழுத்திப் பார்த்தேன். உரித்த தேங்காய் மூன்று நான்கைத் தூக்கி அதன் தலையில் வைத்தால்தான் மருந்து வரும், அவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது. நமக்கு அது தெரிவதே இல்லை. வீட்டைச் சுற்றிப் பார், நகவெட்டி, துணி மாட்டும் கிளிப், கேஸ் லைட்டர், ஊக்கு, தட்டினால் முனை வெளியே வரும் பேனா, எல்லாம் மனித விரலுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டுச் செய்தவை. அந்தக் கணக்கில் உன் அம்மாவின் விரல் இல்லை. லைட்டரை அவளால் அழுத்த முடியாமல் போனபோது தீப்பெட்டிக்கு மாறினோம், கிளிப் போனபோது துணியை முடிச்சுப் போட்டாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவழி இருந்தது. மூச்சுக்கு மட்டும் இல்லை.

நெம்புகோல் இருக்கப் பயமேன் என்று நான் இறங்கிவிட்டேன். ஒரு பலகையில் இன்ஹேலரை நிற்க வைத்து, பழைய மர ஸ்கேல் ஒன்றைக் கீல் போட்டு அதன் தலைமேல் படுக்க வைத்தேன். ஸ்கேலின் கடைசி நுனியைச் சுண்டுவிரலால் தொட்டு அமுக்கினாலே போதும், மருந்து வந்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் அமுக்கத் தொடங்கினாள், மூச்சை இழுத்தாள், ஸ்கேல் நுனி இறங்குகிறது இறங்குகிறது, ஒரு சாண் இறங்க வேண்டுமே, அதற்குள் அவள் மூச்சு முடிந்து வாயைத் திறந்துவிட்டாள், புஸ்ஸென்று மருந்து மூக்குத்திக்கு அபிஷேகம் ஆனது. இருமலும் சிரிப்புமாக, இது என்னங்க ஏத்தம் எறைக்கற மாதிரி இருக்குது, உங்க மருந்து வர்றதுக்குள்ள நான் மூச்ச இழுத்து, விட்டு, ஒரு தாலாட்டும் பாடி முடிச்சுருவேன் போல என்றாள். பலத்தைக் குறைத்தால் தூரம் கூடும், இது எட்டாம் வகுப்புப் பாடம், நானே நடத்தியது. சரி என்று ஸ்கேலை வெட்டிக் குட்டையாக்கினேன். இப்போது நேரம் சரியாக வந்தது, ஆனால் விரல் நுனி பொறுக்கவில்லை, முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் நீட்டினேன், மறுபடி தாமதம். கொஞ்சம் குறைத்தேன், மறுபடி வலி. நீளம்தான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு ஸ்கேல் ஸ்கேலாக அறுத்துக்கொண்டிருந்தேன், பெரியம்மாவின் ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா கேலி செய்வதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது.

இந்த நிலையில் மொபெட்டுக்கு பிரேக் கேபிள் மாற்ற வேண்டியிருந்தது. சந்தைக்குப் போய்வரும் வழியில் ஹைவே ஓரத்தில் மாது கடையில் நிறுத்தினோம். மாதுவை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு வகுப்பு மேலே, சைக்கிள் கடை வைத்திருந்தவன் இப்போது வண்டியும் பார்க்கிறான். அவன் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதுசு எடுக்க உள்ளே போனான். உன் அம்மா வண்டி சீட்டில் சாய்ந்து நின்று ரோட்டில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டு, கை சும்மா இருக்காமல் அந்த பிரேக் பிடியை மடக்குவதும் விடுவதுமாக இருந்தாள். கேபிள் இல்லாத பிடி லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மாது வந்து புதுக் கேபிளை மாட்டி இழுத்துக் கட்டினான், அவள் மறுபடியும் மடக்கினாள், அவன் சுற்றிவிட்ட சக்கரம் நின்றது. தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருக முடியாத கை! வலிக்கவில்லையா என்றேன். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது, கையைப் பார்த்தாள். ஒத்த வெரல் நுனியால தள்ளினாத்தாங்க உசுரு போவுது, இப்பிடி நாலையும் சேத்து மடக்குனா வலி கூட்டத்துல கரைஞ்சு போயிருது என்றாள்.

பார்த்தாயா அன்பு, நான் பலத்தைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தேன், அதைப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றவே இல்லை. பஸ்ஸில் ஒரு மூட்டையை ஒருவர் தூக்க முடியாவிட்டால் மூட்டையைச் சின்னதாக்கவா செய்கிறோம், இன்னும் மூன்று பேரைக் கூப்பிடுகிறோம். அங்கேயே மாதுவிடம் சொன்னேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தான். ஏன் சார், எல்லாருக்கும் பிரேக்கப் புடிச்சா வண்டி நிக்கும், நம்ம அம்மாவுக்குப் பிரேக்கப் புடிச்சாத்தான் வண்டியே ஓடுமுங்களா என்றான். ஓடுதா பாரு, ஓடலைன்னா ஒன்னைத்தான் வந்து கேப்பேன் என்றாள் உன் அம்மா. மொபெட் பிடி அவள் கைக்கு அகலமாக இருந்தது, விரல் எட்டவில்லை. அப்புறம் சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் இருந்து ஒரு பிடி எடுத்தான், சிவப்பு நிறம். அலுமினியப் பட்டையை வளைத்து இன்ஹேலர் உட்காரும்படி ஒரு கூடு, அதன் முதுகில் பிடி, பிடியை மடக்கினால் மேலே இருக்கும் சிறு நாக்கு இறங்கி மருந்துக் குப்பியை அழுத்தும். வழுக்காமல் இருக்க டியூப் ரப்பர் சுற்றினான். நாங்கள் இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து அறுத்தும் அரத்தால் ராவியும் சரிசெய்தோம். கடைசிப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன், அம்புக்குறி பார்த்துப் புரிந்துகொள்.

அப்படியே கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கோபப்படாதே. தர்மபுரியில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கள் முன்னால் அம்மாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார், மூச்சும் மருந்தும் சேர்ந்து போவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூட்டைக் கழுவி வைக்க வேண்டும், மருந்து தீர்வதற்கு முன் அடுத்தது கையில் இருக்க வேண்டும், பிடி கழன்றுவிட்டால் யாராவது ஒருவருக்குக் கையால் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பெரியம்மாவின் பக்கத்து வீட்டு ராமக்காளுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அம்மாவை அங்கே விட்டேன். பஸ் ஏற்றிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், பாலக்கோடு வரை கூடப் போய்விட்டேன். கிளம்பும்போது உன் அம்மா, வந்தது போதும், செவல கத்திக்கிட்டு இருக்கும், போங்க என்று விரட்டினாள்.

இனி முக்கியமான விஷயம். போன செவ்வாய்க்கிழமை காலையில் பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் யாரோ காய்ந்த தக்காளிச் செடியைக் கூட்டித் தீ வைத்திருக்கிறார்கள். புகை வீட்டுக்குள் வந்து அம்மாவுக்கு நன்றாகவே இழுத்துவிட்டது. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, உனக்கும் சொல்லியிருக்க மாட்டாள். பெரியம்மாதான் போன் போட்டுச் சொன்னாள். வாத்தியாரே, அவ நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, நான் கறுப்புக் கண்ணாடியோட தடவிக்கிட்டு ராமக்காளக் கூப்புட வாசலுக்குப் போறதுக்குள்ள அந்தச் செவப்பு பிரேக்கப் புடிச்சா பாரு, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா புடிச்சா, ராமக்கா வந்து நிக்கறா, இவ எழுந்து ஒன்னுமில்ல காப்பி குடிக்கிறியான்னு கேக்கறா, அப்புறம் எங்கிட்ட வந்து வூட்டுக்குள்ள போயி மல்லாந்து படு சொட்டு மருந்து நேரமாச்சுன்னு அதட்டறா என்றாள். கேட்டு முடித்ததும் நான் கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டகையில் போய் நின்றேன், செவலை கையை நக்கிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்துப் புட்டியையும் அவள் இப்போது நான்கு விரலால் மடக்கித்தான் பிழிகிறாளாம். முதல் நாள் பெரியம்மாவுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் அதிக மருந்து போயிற்று என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

அதனால் நீ பயப்படாதே. அம்மாவை அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிறேன் என்று போன மாதம் என்னிடம் சொன்னாய். அதை இனி என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள், வருவதும் வராததும் அவள் சொல்லட்டும். அங்கேயும் ஒரு சைக்கிள் கடை இருக்கும். எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. சமையல் களியும் கீரையும்தான், களி சில நாள் கட்டி தட்டுகிறது, அதைக் கன்றுக்குட்டி மறுப்பதில்லை. காலையில் மருந்து நேரம் வந்தால் நான் எழுந்து அவள் கட்டில் பக்கம் போய்விடுகிறேன், போன பிறகுதான் ஆள் இல்லை என்று தெரிகிறது. அது வருத்தம் இல்லை, பழக்கம். தக்காளி விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஊரே முகம் மலர்ந்து இருக்கிறது. மழை இன்னும் ஒரு முறை பெய்தால் சோளம் தப்பும். செவலை மேய்ந்துவிட்ட இடத்துக்குக் காட்டுக்காரரிடம் போய் நயமாகப் பேசிவிட்டு வந்தேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போனை ஒரே கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மணிக்கட்டு வலிக்கிறது என்றாயே, மற்ற விரல்களையும் வேலைக்குக் கூப்பிடு, சும்மா வைத்திருக்காதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். பெரியம்மாவுக்கு நீயே ஒரு வார்த்தை பேசு, மறந்துவிடாதே, கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டால் அவளுக்குப் பாதி குணமாகிவிடும்.

எப்போதும் இந்த இடத்தில் அப்பா, அம்மா என்று இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். அம்மாவிடம் கொடுத்துப் போட வைத்து அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன். எனக்கு நேரமில்லீங்க, நீங்களே போட்டு அனுப்புங்க என்றாள். ஆகவே இந்த முறை,

அன்புடன்,
அப்பா மட்டும்,
அர்ச்சுனன்.