ஒன்றரை வினாடி

மார்ச் 4, செவ்வாய்

இங்கே சேர்ந்து ஒரு மாதம். மருத்துவமனை வார்டுகளுக்கான மென்பொருள். நர்ஸ் நோயாளியின் பெயரைத் தொட்டால் மருந்துப் பட்டியல் திரையில் வர வேண்டும். வருகிறது, எட்டு வினாடி கழித்து. எட்டு! ஆறு வருடம் கேம் எழுதியவள் நான். அங்கே வினாடிக்கு அறுபது படம் வரைந்தாக வேண்டும். ஒன்று பிந்தினாலும் ஆடுகிறவன் திட்டித் தீர்த்துவிடுவான். இங்கே ஒருவரும் தலை நிமிர்வதில்லை.

மார்ச் 5

மேலாளரிடம் சொன்னேன். "பரவால்லம்மா, பெரிய சர்வரா வாங்கிக்கச் சொல்லலாம்." எதற்கெடுத்தாலும் அந்த ஒரு சொல்தான். இனி அவர் எனக்குப் பரவால்ல சார்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அவள் நர்ஸாக இருக்கும் வார்டிலும் எங்கள் மென்பொருள்தான். "முப்பது பேஷண்டுடீ. ஒவ்வொரு தடவையும் தொட்டுட்டு பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கிறேன். எந்தப் புண்ணியவான் எழுதினானோ!" இருவரும் சிரித்தோம். அவள் போனபின் லேப்டாப்பைத் திறந்தேன்.

மார்ச் 13

குடைந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு மருந்துக்கும் சர்வருக்குத் தனித்தனி நடை! கடைக்குப் போய் ஒரு வெங்காயம் வாங்கி வருவது, மறுபடி போய் இன்னொன்று. இதை எழுதினவனை என்ன செய்தால் தகும்?

மார்ச் 18

எல்லாவற்றையும் ஒரே நடையாக்கினேன். ஒன்றரை வினாடி. பரவால்ல சார் எட்டிப் பார்த்து, "போதும்மா, இதுக்கு மேல எதுக்கு?" என்றார். போதுமாம்! திரை சும்மா நிற்கக் கூடாது, கேமில் நான் கற்ற முதல் பாடம். புதுப் பட்டியல் வரும்வரை அதே நோயாளிக்கு முன்பு காட்டிய பட்டியலையே காட்டச் செய்தேன். புதியது வந்ததும் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். இப்போது தொட்டதும் பட்டியல். அவர் முகத்தில் கரி.

மார்ச் 26

எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்விட்டது. அக்கா போனில்: "பறக்குதுடீ!" நான்தான் என்று சொல்லவில்லை. ஞாயிறன்று நேரில் சொல்லி மார்தட்டிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 28

அக்கா போனில் அழுதாள். டாக்டர் காலையில் நிறுத்திய மருந்து பட்டியலில் இருந்திருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பி, அதை ஊசியில் நிரப்பிவிட்டாள். "அந்தம்மாவே கேட்டாங்கடீ, அத நிறுத்திட்டாங்களேன்னு. திரும்பிப் பாத்தா ஸ்கிரீன்ல இல்ல. எனக்குத்தான் புத்தி பேதலிச்சிடுச்சான்னு... குத்துறதுக்குக் கையப் பிடிச்சிட்டேன்டீ. எந்தப் பாவிடீ எழுதினான்?"

நான்தான் என்றேன். வைத்துவிட்டாள்.

கேமில் பழைய படம் ஒரு கணம் நின்றால் யாருக்கு என்ன? இது ஊசிடி. ஒரு மனுஷியோட கை. எங்க போச்சு உன் புத்தி? பரவால்ல சாரும் சோதிக்கவில்லை, "வேகமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவரைத் திட்டி என்ன? போதும் என்றவரும் அவர்தானே.

மார்ச் 29

பழைய பட்டியலைக் காட்டுவதை எடுத்துவிட்டேன். புதுப் பட்டியல் வரும்வரை வெற்றுத் திரை.

ஏப்ரல் 3

"முன்னவிட மெதுவா இருக்குன்னு கம்ப்ளெயிண்ட் வருதேம்மா." வரட்டும் சார் என்றேன். என் வாயால்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வரவில்லை.

ஏப்ரல் 9

அக்காவிடமிருந்து செய்தி, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு:

"வெறும் ஸ்கிரீனப் பாத்துட்டு நின்னேன், லிஸ்ட் வர்ற வரைக்கும். பரவால்ல."