மாறாதவருக்குப் பச்சை வண்ணம்

அக்கா,

போன மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடி, ஒன்றரை மணி நேரம் விவாதித்து, வருங்காலச் சந்ததியார் நினைவில் வைக்கத்தக்க முடிவொன்றை எடுத்தது. பீடத்துக்குப் பின்சுவரில் உள்ள ‘மாறாத தேவன்’ என்ற எழுத்துகளை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றுவது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு, என்னுடையது. அந்த நீலத்தை ஏணியில் ஏறி எழுதியவள் நீ என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மறு வாரம் புதுப் பெயின்ட் வாசனை என் சட்டையோடு வீடுவரை வந்தது.

நாம் மனு கொடுக்கப் போன அன்றும் இதே வாசனைதான். முந்தின நாள் எழுதிய நீலம் உன் நகத்தில் அப்படியே இருக்க, சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தோம். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம், பஸ் இல்லை. நீ ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாய், நான் பத்தாவது முடித்துச் சில வருடம் ஆகியிருந்தது. அரசு வேலைக்குச் சாதிச் சான்றிதழுக்கு மனு கொடுக்க அன்றே கடைசி நாள். விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

“எங்கம்மா போறீங்க?”

“சர்ட்டிபிகேட் வாங்கறதுக்குங்க.”

“அப்ப தாண்டிப் போங்க. நாங்களும் அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கோம்.” நீ தாண்டும்வரை கிளையை விலக்கிப் பிடித்திருந்தார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் நம் விவரம் கேட்டதும் பேனாவை மூடினார். சேரியில் பிறந்த நாம் இந்து என்று எழுதினால் பட்டியல் சாதி. கிறிஸ்தவர் என்று எழுதினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், வேறு வரிசை. அந்த வரிசை நம்மிடம் வந்துசேராது.

“இன்னாம்மா, ஒரே ஒரு சொல்லு. இந்துன்னு போட்டா வேலை. சாமி வந்து பாக்கவா போவுது?”

நான் அவரைவிட ஒருபடி மேலே போனேன். “அவருதான் மாறாதவராச்சேக்கா. நம்ம பேப்பர் மாறுனா அவருக்கு இன்னா ஆவப் போவுது?” இறையியல் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்த நாள் அதற்குப் பிறகு வரவில்லை.

“அவருக்கு ஒண்ணும் ஆவாதுடா. அவரு நின்ன எடத்துலயே நிப்பாரு. நகர்றது நாமதான்.”

நீ கிறிஸ்தவர் என்று எழுதினாய். நான் இந்து என்று எழுதினேன்.

எனக்கு அதே ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. திங்கள் முதல் சனி வரை இந்துவாக இருந்தேன். ஞாயிறு அரசு விடுமுறை. நீ மலைமேல் கரியாலூரில் சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். முதல் லீவில் இறங்கி வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: “மலை மேல இருக்கறவங்க ஞானஸ்நானம் எடுத்தாலும் சர்ட்டிபிகேட் அப்படியே இருக்குடா. கீழ நமக்கு மட்டும் தண்ணி பட்டதும் மை அழிஞ்சிடுது.”

ஆபீஸில் விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பழங்குடிகளிடம் சட்டம் மதம் கேட்பதில்லை. தேவன் மலையிலும் சமவெளியிலும் ஒருவரே. அரசாணைதான் கீழே இறங்கும்போது மாறிவிடுகிறது.

அதன்பின் வருடத்துக்கு ஒரு மனு போட்டாய். கிறிஸ்தவளாகவே இருப்பேன், பிறந்த சாதிக்குரிய உரிமையும் வேண்டும். தேதியைத் தவிர ஒரு சொல்லையும் நீ மாற்றவில்லை. சில மனுக்கள் என் மேஜைக்கே வந்தன. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதி அனுப்பினேன். “உன் கையெழுத்து நல்லா இருக்குடா” என்றாய்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம். வேலை வயது தாண்டிய பிறகும் நிறுத்தாத அந்த மனுவின் கடைசி நகல் என்னிடம் இருக்கிறது. பச்சை காய்ந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். வாசலில் இப்போது கம்ப்யூட்டர் வைத்து அடித்துத் தருகிறார்கள். உன் சொற்களை அப்படியே என் பெயரில் அடிக்கச் சொல்லி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: வேலையில் சேர்ந்த அன்றும் நான் கிறிஸ்தவன்தான்.

அடித்தவர் திரும்பிப் பார்த்தார். “ஐயா, பென்ஷன் வாங்கறவரு நீங்க. நல்லா ரோசனை பண்ணிக்கினீங்களா?”

“அடிப்பா.”

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை பென்ஷன் நிறுத்தி வைக்கப்படுவதாக நேற்று கடிதம் வந்தது.