மாமி பறந்து வந்த தூரம்

கெலிஓயா
02.03.2024

அன்பு மகள் றிப்தாவுக்கு, மாமி ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்ஹம்துலில்லாஹ், சுகமாக வந்து சேர்ந்தேன். டொரன்டோவிலிருந்து தோஹாவுக்குப் பதின்மூன்று மணித்தியாலம், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு ஐந்து என்று நீ சொன்னது சரிதான். ஆனால் கட்டுநாயக்காவிலிருந்து கெலிஓயா வர இன்னும் ஐந்து மணித்தியாலம் என்று யாரும் சொல்லவில்லையே! கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போயிற்று.

நான் புறப்பட்டபோது, "மகனை அடக்கியும் முடிஞ்சி, இனி யாரைப் பாக்கப் போற?" என்று கேட்டவர்கள் நேற்றும் வந்தார்கள். "புருசன இழந்து இத்தாவில ஈக்கிற புள்ளைக்கு ஊடு தாண்டி வர ஏலுமா? அதுதான் நான் போன" என்றேன்.

என் மகன் பஹீமைப் பறிகொடுத்த எனக்கு அங்கே நீ பக்கத்தில் இல்லாவிட்டால் பைத்தியமே பிடித்திருக்கும். அல்லாஹ் உனக்குக் குறை வைக்க மாட்டான். ஒரேயொரு கோபம்: அந்தக் குளிர்ச்சட்டையை ஏன் என் பெட்டிக்குள் வைத்தாய்? கெலிஓயாவில் அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போக?

உன் மாமி
சித்தி றலியா


டொரன்டோ
18.05.2025

என் அன்பான மாமிக்கு,

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே வந்த முதல் நாள் ஊர்ப் பழக்கத்தில் தொழுவதற்கு மேற்குப் பக்கம் முஸல்லா விரித்தீர்கள். "மாமி, மக்காவைத் தாண்டி வந்துட்டீங்க. இப்ப அது கிழக்கால" என்றேன். "அல்லாஹ்வே, அந்தப் பிளேன்காரன் ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றீர்கள். பஹீம் மௌத்தான பிறகு நான் சிரித்தது அன்றுதான். பதினாலாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்து என்னைச் சிரிக்க வைத்தீர்களே, அந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

தாஸிம் நானா, தன் தங்கச்சி தனியாக இருக்கக் கூடாதென்று, எனக்கு ஒரு கலியாணப் பேச்சுக் கொண்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளை பெயர் ஆகிப். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. நல்ல மனிதர், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சம்மதம் சொல்லிவிட்டால் பிறகு நான் உங்களுக்கு யார் மாமி? சின்ன வயதிலேயே உம்மாவை இழந்தவள் நான். உங்களையும் இழந்து எனக்கு ஒரு கலியாணம் வேண்டாம். உங்கள் மனம் நோகுமென்றால் இன்றே நானாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
றிப்தா


கெலிஓயா
09.06.2025

என் தங்க மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்து நன்றாக அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், பஹீமின் இடத்தில் இன்னொருவர் என்று நினைத்ததும் நெஞ்சு பற்றி எரிந்தது. முந்தாநாள் ஹஜ்ஜுப் பெருநாள். வட்டிலப்பத்தை வெட்டும்போது, இந்தப் பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறதோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அழுகை வரவில்லை, என்மேல்தான் கோபம் வந்தது.

ஆகிப்புக்குச் சம்மதம் சொல்லு. என் முழுமனதோடு சொல்கிறேன்.

நேற்று தாஸிமுக்கு நானே கோல் எடுத்தேன். "சந்தோசம் மாமி, உங்களுக்கும் அழைப்பு அனுப்புறேன்" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! "எனக்கு என்னத்துக்கு அழைப்பு? அதை மாப்புள ஊட்டாக்களுக்கு அனுப்புங்க. பொண்ணுட உம்மாக்கு யாராச்சும் அழைப்பு அனுப்புவாங்களா?" என்று ஏசிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்கப் போவது நான்தான். என் முழங்கால் நிற்க இடம் கொடுக்கும்போதே ஒரு நல்ல நாளைப் பாருங்கள்.

சித்தி றலியா